ஆய்வுக் கப்பலுக்கு எந்த உடல்? ஒற்றை உடல், கட்டமரான், ஸ்வாத்: ஓர் ஒப்பீட்டு அலசல்

கடற்படை ஆய்வுக் கப்பலுக்கு வேகம் முக்கியமல்ல. இழுவை சோனாரை (கப்பலின் பின்னால் இழுத்துச் செல்லும் ஒலிக்கருவியை) நீரில் விட்டுக்கொண்டு நாள்கணக்கில் மெதுவாக நகர வேண்டும். நின்ற இடத்தை விட்டு விலகாமல் கருவிகளை ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு இறக்கி ஏற்ற வேண்டும். அந்த நேரம் முழுவதும் தளத்தில் ஆட்கள் காலூன்றி வேலை செய்ய முடிய வேண்டும். ஆகவே "நிலையான கப்பல்" என்று கேட்கிறார்கள். "அப்படியானால் இரட்டை உடல்" என்று பதிலும் வந்துவிடுகிறது. அந்தப் பதில் அவசரமானது. சாய்ந்த கப்பல் நிமிரும் வலு வேறு, அலைக்கு ஆடாத தன்மை வேறு. முதலாவதைக் கூட்டக் கூட்ட இரண்டாவது பெரும்பாலும் கெடும்.

2,500 டன் இடப்பெயர்ச்சியில் (கப்பல் விலக்கும் நீரின் எடை, அதாவது கப்பலின் மொத்த எடை) மூன்று கப்பல்களை வைத்துப் பார்ப்போம். எண்கள் தொடக்கக் கணக்குக்கானவை. வடிவத்துக்கு வடிவம் கொஞ்சம் மாறும்.

ஒற்றை உடல்: 70 மீட்டர் நீளம், 14 மீட்டர் அகலம், நீர்மட்டத்தில் கப்பலின் குறுக்குவெட்டுப் பரப்பு சுமார் 735 சதுர மீட்டர்.
கட்டமரான்: 60 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் கொண்ட இரண்டு உடல்கள், நடுக்கோடுகளுக்கு இடையே 16 மீட்டர், பரப்பு 576 சதுர மீட்டர்.
ஸ்வாத் (SWATH, சிறு நீர்மட்டப் பரப்புள்ள இரட்டை உடல்): மிதவைப் பருமனின் பெரும்பகுதி நீருக்கடியில் நீர்மூழ்கி போன்ற இரண்டு உருளைகளில் இருக்கும், மேலே உள்ள பெட்டியை மெல்லிய ஸ்ட்ரட்கள் (செங்குத்துத் தாங்கு சுவர்கள்) தாங்கும். உருளைகளுக்கு இடையே 22 மீட்டர். நீர்மட்டப் பரப்பு 200 சதுர மீட்டர்தான்.

இந்தப் பரப்புதான் கப்பலை மேலும் கீழும் தள்ளும் ஸ்பிரிங். கூடவே அசையும் நீரின் நிறையையும் சேர்த்துக் கணக்கிட்டால், மேல்-கீழ் ஆட்டத்தின் இயல்பு நேரம் (கப்பல் தானாக ஒருமுறை ஆடி முடிக்கும் நேரம்) ஒற்றை உடலுக்கு 5.2 வினாடி, கட்டமரானுக்கு 5.8, ஸ்வாத்துக்கு 9.4. இனி 9 வினாடி அலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 10 நாட் (மணிக்குச் சுமார் 18.5 கி.மீ.) வேகத்தில் அதை எதிர்த்துப் போனால் அலை 6.6 வினாடிக்கு ஒருமுறை கப்பலைச் சந்திக்கும். கட்டமரானின் இயல்பு நேரத்துக்கு அது மிக அருகில், ஆட்டம் பெருகும். ஸ்வாத்தோ அசைந்து எழுவதற்குள் அடுத்த அலை வந்துவிடும். ஏறத்தாழ அசையாமலே கடந்து போகும்.

உருளலிலும், அதாவது பக்கவாட்டு ஆட்டத்திலும், இதே கதைதான். கட்டமரானின் மெட்டாசென்டர் உயரம் (சாய்ந்த கப்பல் நிமிரும் வலுவின் அளவுகோல்) 10 மீட்டரை ஒட்டி வரும். கவிழ்ப்பது கடினம், ஆனால் உருளல் நேரம் 5.6 வினாடி. சாயும் கோணம் சிறிதாக இருந்தாலும் வெடுக்கென்று நிமிர்வதால், தளத்தின் ஓரத்தில் நிற்பவரைத் தூக்கி எறிகிற முடுக்கம் பிறக்கும். ஸ்வாத்தில் அந்த உயரம் 3 மீட்டர் அளவில் நிற்கும். உருளல் நேரம் 12 வினாடிக்கு மேல். ஒற்றை உடலில் 1 மீட்டர், சுமார் 11 வினாடி. ஒற்றை உடலின் குறை நேரத்தில் இல்லை, கோணத்தில் இருக்கிறது: ஆட்டத்தைத் தணிக்கும் விசை குறைவு, ஆகவே பக்க அலையில் பெரிதாகச் சாயும். உருளல் நேரத்துக்குச் சுருதி சேர்த்த உருளல் தணிப்புத் தொட்டி (உள்ளிருக்கும் நீர் எதிர்ப்பக்கம் ஓடி ஆட்டத்தைக் குறைக்கும்) ஒன்றை வைத்தால், கப்பல் நிற்கும்போதும் அது வேலை செய்யும். வழக்கமான தணிப்புத் துடுப்புகளுக்கு வேகம் வேண்டும். நின்று கருவி இறக்கும் கப்பலுக்கு அவை உதவா.

கட்டமரானை ஆழ்கடலில் திணறடிப்பது, இரண்டு உடல்களையும் இணைக்கும் பாலத்தின் அடித்தட்டு. முன்பின் ஆட்டத்தில் அணியம் (கப்பலின் முன்முனை) இறங்கும்போது இரண்டு உடல்களுக்கும் நடுவே எழும்பிய நீர் அந்தத் தட்டையான தகட்டை அறையும். அமெரிக்கக் கடற்படையின் ஹேய்ஸ் இதற்குச் சான்று. 1971இல் பணிக்கு வந்த 75 மீட்டர் நீளக் கட்டமரான் ஆய்வுக் கப்பல் அது. முன்பின் ஆட்டம் தாங்க முடியாமல், உடல்களுக்கு இடையே நீருக்கடியில் கிடைமட்ட இறகுத் தகடு ஒன்றைப் பொருத்தித்தான் அதைக் கட்டுப்படுத்தினார்கள். பாலத்தை உயர்த்தலாம், ஆனால் ஈர்ப்பு மையமும் எடையும் சேர்ந்து ஏறும். கரையோர அளவீட்டில், மறைவான நீரில், விரிந்த தளமும் ஆழம் குறைந்த மிதப்பும் தேவைப்படும் இடத்தில் கட்டமரானை மனதார ஏற்கலாம். திறந்த பெருங்கடலுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஸ்வாத்துக்கு உள்ள விலை

மெல்லிய ஸ்பிரிங் அலைக்கு மட்டும் மெல்லியதல்ல, சுமைக்கும்தான். ஸ்வாத்தை ஒரு சென்டிமீட்டர் அமிழ்த்த 2 டன் போதும். ஒற்றை உடலுக்கு 7.5 டன் வேண்டும். 50 டன் வின்ச்சும் கேபிளும் ஏற்றினால் ஒற்றை உடல் 7 சென்டிமீட்டர் அமிழும், ஸ்வாத் 24. பயணத்தில் 300 டன் எரிபொருள் தீர்ந்தால் ஸ்வாத் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் எழும்பிவிடும். அந்த உயரத்தில் ஸ்ட்ரட்டின் வடிவக் கணக்கும் பாலத்தின் இடைவெளிக் கணக்கும் செல்லாது. எனவே எரியும் ஒவ்வொரு டன்னுக்கும் கடல்நீர் உள்ளே வர வேண்டும். அந்த நீருக்குத் தனித் தொட்டிகள் வேண்டும். எரிபொருள் தொட்டியிலேயே நிரப்பினால் எண்ணெய் கலந்த நீரை வெளியேற்ற வழியின்றி மாட்டிக்கொள்வீர்கள்.

முன்பின் சாய்விலும் அப்படியே. நடுவிலிருந்து 25 மீட்டர் பின்னே, ஏ-ஃபிரேமில் (கருவிகளைத் தூக்கி இறக்கும் சட்டத்தில்) 20 டன் தொங்கினால் ஸ்வாத் 1.1 பாகைக்கு மேல் பின்சாயும்; ஒற்றை உடல் 0.15 பாகை. தூக்குவதற்கு முன்பே முன்தொட்டியில் நீரேற்றத் தொடங்க வேண்டும். பம்பின் வேகத்தை வின்ச்சின் வேகத்தோடு பொருத்தித் தேர்ந்தெடுக்காவிட்டால், தளத்தில் வேலை நடக்கும்போது சாய்வு பின்னாலேயே துரத்தும்.

ஓடும்போது இன்னொரு சிக்கல் தலை தூக்கும். நீருக்கடியில் ஓடும் உருளை, சற்றே சாய்ந்தாலும் மேலும் சாயவே விரும்பும். இது மங்க் திருப்புவிசை. வேகத்தின் வர்க்கத்தோடு இது வளரும். நிமிர்த்தும் விசையோ மாறாமல் நிற்கும். ஒரு வேகத்துக்கு மேல் அணியம் தானாகவே மூழ்கப் பார்க்கும். பின்னால் பெரிய கிடைமட்டத் துடுப்பும் முன்னால் அசையும் சிறு துடுப்பும் வைப்பது இதற்காகத்தான். பின்னிருந்து வரும் அலையில் அசையும் துடுப்பின் அருமை தெரியும்: அதே 9 வினாடி அலை இப்போது 14 வினாடிக்கு ஒருமுறை சந்திக்கும். ஸ்வாத்தின் முன்பின் ஆட்ட நேரம் 12 வினாடி அளவு. எதிர் அலையில் அமைதியாகப் போன கப்பல் இங்கே அலையின் சரிவைப் பின்பற்றி அணியத்தைப் புதைக்கும்.

கட்டமைப்பில் அஞ்ச வேண்டியது பக்க அலை. நிற்கும் கப்பலின் இரண்டு உருளைகளையும் அது உள்நோக்கியும் வெளிநோக்கியும் மாறி மாறித் தள்ளும். அந்த விசை இடப்பெயர்ச்சியில் பாதியைத் தாண்டலாம்: 1,250 டன், 10 மீட்டர் நெம்புகை, அதாவது ஸ்ட்ரட் பெட்டியோடு சேரும் இடத்தில் 12,500 டன்-மீட்டர். ஒவ்வொரு அலைக்கும் திசை மாறுவதால் உலோகச் சோர்வு அங்கேதான் தொடங்கும். சாய்வுத் தகட்டால் மூலையை அகலப்படுத்துங்கள், முழு ஊடுருவல் வெல்டிங் (தகட்டின் முழுத் தடிமனும் இணைவது) கேளுங்கள், குழாய்க்கும் கேபிளுக்கும் அந்த மூலையில் துளை போட அனுமதிக்காதீர்கள்.

இவ்வளவு தொல்லையையும் மீறி ஸ்வாத்தைத் தேர்வதற்கு வலுவான காரணம் ஒலி. டீசல் ஜெனரேட்டர்கள் நீரிலிருந்து விலகி, மேல்பெட்டியில், அதிர்வு தாங்கிகளின் மேல் உட்காரும். கீழே மின்மோட்டார் மட்டும் கியர் இல்லாமல் புரொப்பெல்லரைச் சுழற்றும். 2005இல் சேவைக்கு வந்த ஜெர்மனியின் பிளானெட், 73 மீட்டர் நீளமும் 3,500 டன்னும் கொண்ட ஸ்வாத், இந்த வழியில்தான் ஒலி ஆய்வுக்கு உகந்ததாக அமைந்தது. சோனாரும் 7 மீட்டர் ஆழத்தில், அலைக்குமிழிகளுக்குக் கீழே இருக்கும். பதிலுக்கு, குறுகிய ஸ்ட்ரட் வழியாக மோட்டாரை வெளியே எடுக்கும் பாதையை முதல் வரைபடத்திலேயே ஒதுக்கியாக வேண்டும்.

கடற்படைகளின் தேர்வுகள் இந்தக் கணக்கோடு பொருந்துகின்றன. இழுவை சோனார் கண்காணிப்புக்கு ஜப்பான் 1991இல் ஸ்வாத்தான ஹிபிகியைப் பணியில் சேர்த்தது. முப்பது ஆண்டு கழித்து 2021இல் வந்த அகியும் ஸ்வாத்தான். அமெரிக்காவின் விக்டோரியஸ் வகையும் இம்பெக்கபிளும் அதே வடிவம். அவற்றுக்கு அடுத்த தலைமுறைக்கு 2023இல் போட்ட ஒப்பந்தமும் ஸ்வாத்துக்கே. அங்கே கருவிச் சுமை மாறுவதில்லை, வேகம் குறைவு, கேட்பதே வேலை. பொதுக் கடலாய்விலோ, 2002இல் ஸ்வாத்தான கிலோ மோவானாவைப் பெற்ற அதே அமெரிக்கக் கடற்படை, அடுத்து நீல் ஆம்ஸ்ட்ராங் வகையை ஒற்றை உடலாகவே கட்டியது. ஒவ்வொரு பயணத்துக்கும் வேறு கருவி, வேறு எடை என்றால் எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. கிலோ மோவானாவின் 7.6 மீட்டர் மிதப்பாழமும் 26.8 மீட்டர் அகலமும் பல துறைமுகங்களையும் உலர்துறைகளையும் பட்டியலிலிருந்து நீக்கிவிடும். நீல் ஆம்ஸ்ட்ராங்குக்கு 4.6 மீட்டர் ஆழம் போதும்.

ஸ்வாத் என்று முடிவானால், மாதிரிச் சோதனையில் ஒன்றில் விட்டுக்கொடுக்காதீர்கள். சோதனைக் குளத்தின் இழுவண்டியில் பூட்டிய மாதிரி எதிர் அலையில் அழகாகத் தெரியும். மங்க் திருப்புவிசையின் விளைவை அந்தப் பூட்டே மறைத்துவிடும். சொந்த உந்துதலில் தளையின்றி ஓடும் மாதிரியை, பின் அலையிலும் சாய்ந்த பின் அலையிலும், துடுப்புகள் இயங்கும் நிலையிலும் பழுதாகி உறைந்த நிலையிலும், எரிபொருள் பாதி தீர்ந்த மிதப்பில் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.