தட்டாமலே ஒலிக்கும் பை: மூன்று ஆண்டு அனுபவம்

போன வாரம் தக்கலையிலிருந்து பழைய நண்பர் ஒருவர் அழைத்தார். அவருடைய மாமாவுக்கு மலக்குடல் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை முடிந்து, மலம் வெளியேற வயிற்றில் வழி வைத்திருக்கிறார்கள். "எந்தப் பை நல்லது, சாரே?" என்று கேட்டார். பதில் சொல்ல வந்தவன் அரை மணி நேரம் ஃபில்டரைத் திட்டித் தீர்த்தேன். அதையே இங்கே கொஞ்சம் ஒழுங்காக எழுதுகிறேன்.

என்னுடையது இரண்டு பாகமாக வரும் கொலஸ்டமி பை; வயிற்று வழியாக வரும் மலத்தைப் பிடிக்கும் பை. தட்டு தோலில் ஒட்டியிருக்கும்; பையை மட்டும் கழற்றி மாட்டலாம். மூன்று ஆண்டுகளில் ஒரே ஒருமுறைதான் ஒழுகியது. அதுவும் பங்குனி வெயிலில் ஐந்தாம் நாளும் தட்டை மாற்றாமல் விட்ட என் சோம்பலால். ஸ்டோமா என்கிற, வயிற்றில் வெளியே தெரியும் குடல் நுனியான அந்தச் சிவப்பு மொட்டைத் தொட்டால் வலிக்காது. இதை நம்ப எனக்கு ஒரு மாதம் ஆனது. அதுவரை மனைவிதான் மாற்றினாள். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன்.

குறை ஃபில்டரில்தான். பையின் மேல்பக்கம் கரி வைத்த சிறு வட்டம். காற்றை வெளியே விட வேண்டும், வாடையை உள்ளே பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்கு வேறு வேலை கிடையாது. நனைந்தால் அடைத்துக்கொள்கிறது. குளிக்கும்போது மேலே ஒட்டிக்கொள்ள ஸ்டிக்கர் தருகிறார்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் வடியும் வியர்வைக்கு எதை ஒட்டுவது? மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்ட இரவுகளில் பை பந்தாக உப்பிவிடும். இரண்டு மணிக்கு எழுந்து, பையைத் தட்டோடு இணைக்கும் வளையத்தை ஓரமாக நெம்பிக் காற்றை விட வேண்டும். இந்த விலைக்கு இது அநியாயம்.

சத்தத்துக்குப் பையைக் குறை சொல்ல முடியாது. ஸ்டோமாவில் அடக்கிவைக்கும் தசை இல்லை. ஆனாலும் திட்டு பைக்குத்தான். தேர்வு அறையில் கண்காணிப்பில் இருக்கும்போது சத்தம் வந்தால் நாற்காலியைத் தரையில் இழுப்பேன். பையன்கள் என்னைச் சிடுமூஞ்சி என்று முடிவுகட்டிவிட்டார்கள். உள்ளங்கையை மேலே வைத்து அழுத்தினால் சத்தம் அமுங்கும் என்பது வெகுநாள் கழித்தே தெரிந்தது.

சுசீந்திரம் கோயிலுக்குள் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுப் போவது வழக்கம். இரண்டு மார்கழித் திருவிழாக்களில் குடும்பத்தின் செருப்புக்குக் காவல் நின்றேன். மூன்றாவது மார்கழியில் நேரியலை, அதாவது மேல்துண்டை, வயிற்றைச் சுற்றி இறுக்கிக்கொண்டு, மைத்துனனோடு உள்ளே போனேன். தட்டினால் இசைக்கும் கல்தூண்களுக்கு அருகில் நின்றபோது என் வயிறு தட்டாமலே ஒலித்தது. மைத்துனன் தூணைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "யாரும் தொடவில்லையே, அத்தான்?" என்றான். நேரியல் அவிழ்ந்துவிடுமோ என்கிற அளவுக்குச் சிரித்தேன்.

மதிப்பெண் கேட்டால் பத்துக்கு நான்கு. வேறு பைகளின் மாதிரிகளை மகள் வரவழைத்துத் தந்தாள். பிரிக்காமலே அலமாரியில் கிடக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை அவற்றைத் தக்கலைக்குக் கொண்டுபோகிறேன். முதல் சில வாரங்களில் ஸ்டோமா சுருங்கும், தட்டில் வெட்டும் துளையின் அளவும் மாறும். அதனால் எதையும் மொத்தமாக வாங்க வேண்டாம் என்று நண்பரிடம் சொல்லியிருக்கிறேன். மாமா என்னிடம் ஒன்றும் கேட்கமாட்டார். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார்.