வயிறு நிற்காத நாய்க்கு ராயல் கேனின் கேஸ்ட்ரோஇன்டெஸ்டைனல்: குமரி மாவட்ட வீடுகளுக்கு ஒரு மதிப்புரை

நல்ல தீவனம். ஆனால் எல்லாக் கழிச்சலுக்கும் இது பொருந்தாது. டாக்டர் எழுதிக் கொடுத்ததும் நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ 2 கிலோ பாக்கெட்டை வாங்கி வந்து அன்று இரவே கிண்ணம் நிறையக் கொட்டுகிறார்கள். மூன்றாம் நாள் "இதுவும் சரிப்படல" என்று பழையபடி சோறும் மீன்கறியும். அப்படித் திரும்புகிற வீடுகளில் பெரும்பாலும் அளவு பிசகியிருக்கும், அல்லது மாற்றிய வேகம், அல்லது தீவனத்தோடு சேர்ந்து வாய்க்குள் போன மற்றவை.

பாக்கெட்டின் பின்பக்கத்தில் புரதம் 25 சதவீதம், கொழுப்பு 20 சதவீதம், நார் 2 சதவீதத்துக்கும் கீழே. அரிசி, மக்காச்சோளம், கோழிப் புரதம் முக்கியச் சேர்மானங்கள். சீக்கிரம் செரிக்கும்படி செய்திருப்பதால் பெரும்பகுதி சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும், பெருங்குடலில் புளித்துக் காற்றாக மாற மிச்சம் அதிகம் இருக்காது. கொழுப்பு கூடுதலாக இருப்பதால் கொஞ்சம் தின்றாலே உடம்பில் ஒட்டும். நோயில் மெலிந்த நாய்க்கு இது பெரிய உதவி.

அந்த 20 சதவீதமே கணையம் வீங்கிய நாய்க்கு ஆகாது. பொரித்த மீனோ கொழுப்புக் கறியோ தின்ற மறுநாள் வாந்தி, வயிற்றைத் தொட்டால் முனகல், முன்னங்காலைத் தரையில் நீட்டிப் பின்பக்கத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பது, இதெல்லாம் தெரிந்தால் முதலில் கணையத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். அந்த நாய்களுக்கென்று இதே கம்பெனியின் 'லோ ஃபேட்' வகை 7 சதவீதக் கொழுப்போடு வருகிறது. இரண்டின் பெயரும் ஒன்றுபோலத்தான் தொடங்கும். கடையில் எடுத்துத் தந்ததை அப்படியே பையில் போடாமல் அந்த இரண்டு சொற்கள் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

வாங்கும் முன் மலத்தைக் கவனியுங்கள். நாளுக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நிறைய, தண்ணீராக, கூடவே எடையும் இறங்குகிறது என்றால் கோளாறு சிறுகுடலில். இந்தத் தீவனம் அங்கே நன்றாக வேலை செய்யும். அடிக்கடி முக்கி முக்கி ஒரு ஸ்பூன் அளவு, சளியோடு, கடைசியில் ஒரு சொட்டு சிவப்பு ரத்தம் என்றால் அது பெருங்குடல். அதற்குப் பெரும்பாலும் நார் வேண்டும், இதில் அது குறைவு. 10 கிலோ நாய்க்கு ஒரு வேளைச் சாப்பாட்டில் அரை டீஸ்பூன் இசப்கோலைத் தண்ணீரில் ஊறவைத்துக் கலந்தால் பல நாய்களுக்குச் சில நாளில் மலம் கட்டும். காய்ந்த இசப்கோல் உமியை அப்படியே தூவக்கூடாது. குடலில் இருக்கிற தண்ணீரை இழுத்து இறுகிவிடும்.

குடற்புழு மாத்திரை கொடுத்தாயிற்று என்பதால் மலச் சோதனையை விட்டுவிட வேண்டாம். ஒரே வேளையாகக் கொடுக்கும் மாத்திரைக்கு ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி அடங்காது. அதன் முட்டை போன்ற உறைகள் தினமும் வெளியே வருவதுமில்லை. வெவ்வேறு நாள்களில் எடுத்த மூன்று மாதிரிகள், ஒவ்வொன்றும் அன்று காலை எடுத்ததாக இருந்தால் நல்லது. தடுப்பூசி போடாத குட்டி வாந்தியும் நாற்றமடிக்கும் ரத்தக் கழிச்சலுமாகச் சுருண்டு கிடந்தால் பார்வோ வைரஸ் நோயாக இருக்கலாம், தீவனத்தைப் பற்றி யோசிக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். வளர்ந்த நாய்க்கும் மலம் தார் மாதிரி கறுத்தால் அதே அவசரம்தான்.

மாற்றும் முறைக்கு வருவோம். பேதி ஓடிக்கொண்டிருக்கும் நாய்க்கு முதல் 3 நாள் சோறும் கோழியும் கொடுத்து வயிற்றை அமர்த்திவிட்டுத் தீவனத்துக்கு வருவது நல்லது. 10 கிலோ நாய்க்கு ஒரு நாள் அளவு, குழைய வேகவைத்த சோறு 300 கிராம், தோலும் எலும்பும் நீக்கி வெறும் தண்ணீரில் வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி 120 கிராம். இதை நாலு வேளையாகப் பிரிக்கவும். உப்பு, எண்ணெய், மசாலா எதுவும் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் ரத்தத்தின் சிவப்பணுக்களை உடைக்கும், சூப்பில்கூடக் கூடாது. கறி வெந்த தண்ணீரை ஃப்ரிட்ஜில் வைத்தால் மேலே வெள்ளையாக ஒரு ஆடை உறையும். அதுதான் கொழுப்பு. ஸ்பூனால் வழித்துப் போட்டுவிட்டு அடியில் கூழாக நிற்பதைச் சூடாக்கிச் சோற்றில் ஊற்றினால், மூக்கைத் திருப்பிக்கொள்ளும் நாயும் தின்னும். சோறு அன்றன்று வடித்ததாக இருக்கட்டும். ஆறிப்போன சோற்றின் மாவுச்சத்தில் ஒரு பகுதி செரிக்காத வடிவத்துக்கு மாறிவிடும், இளகிய வயிற்றில் அது காற்றைக் கிளப்பும். 5 நாளுக்கு மேல் இந்தச் சாப்பாட்டை மட்டுமே கொடுத்து நீட்ட வேண்டாம், இதில் கால்சியம் கிட்டத்தட்ட இல்லை.

நாலாம் நாள் சோற்றில் கால்பங்கைக் குறைத்து அந்த இடத்தில் தீவனம். சாதாரண நாய்க்கு இரண்டு நாளுக்கு ஒரு முறை கால்பங்கு கூட்டலாம், வயிறு லேசான நாய்க்கு மூன்று நாள். பாதிக்குப் பாதி வரும்போதுதான் சில நாய்களுக்கு மறுபடி இளகும். அப்போது முழுதாக விட்டுவிடாமல், முந்தைய அளவுக்கு இறங்கி இரண்டு நாள் நின்று மறுபடி ஏறுங்கள்.

அளவுக்குச் சமையல் தராசுதான் வழி. கருத்தடை செய்த, வளர்ந்த 10 கிலோ நாய்க்கு நாளைக்குச் சுமார் 630 கிலோ கலோரி போதும். இந்தத் தீவனத்தில் அது 155 முதல் 160 கிராம். 20 கிலோ நாய்க்கு அதன் இரட்டிப்பு ஆகாது, 265 கிராம்தான். மூன்று வேளையாகக் கொடுங்கள். சில்வர் டம்ளரில் கோபுரமாக அள்ளினால் ஒரு நாளைக்கு 40, 50 கிராம் கூடிவிடும். அந்த மிச்சம் செரிக்காமல் பெருங்குடலுக்கு இறங்கும், மலம் இளகும், பழி தீவனத்தின் மேல் விழும். சரியான அளவில் போகும் நாயின் மலத்தைப் பேப்பரால் எடுத்தால் சிமெண்ட் தரையில் ஈரத்தடம்கூட இருக்காது. தடம் விழுந்தால் முதலில் அளவைச் சரிபாருங்கள்.

இனி வீட்டுச் சாப்பாடு. தேங்காய் அரைத்துவிட்ட மீன்குழம்பு ஒரு கரண்டி போதும், ஒரு வாரப் பத்தியம் வீணாகும். சாளைத் தலை கொழுப்பு நிறைந்தது. மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) நன்றாக வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட்டால் கெடுதல் இல்லை, ஆனால் கிழங்கு சீவிய தோலைக் கொல்லையில் குவித்து வைக்காதீர்கள். சயனைடு உண்டாக்கும் பொருள் தோலில்தான் கூடுதல். சக்கை (பலாப்பழ) சீசனில் சுளையும் கொட்டையும் தரையில் கிடக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டில் ஆறு பேர் இருந்தால் ஆறு பேருக்கும் சொல்லிவைக்க வேண்டும். பாட்டி ஊட்டும் பிஸ்கட்டும் கணக்கில் வரும்.

முறையாக மாற்றியும் 3, 4 வாரத்தில் தேறாவிட்டால், அல்லது கூடவே காது, பாதம் என்று சொறிந்துகொண்டே இருந்தால், உணவு ஒவ்வாமையை நினைக்க வேண்டும். அப்போது இந்தத் தீவனம் உதவாது, இதில் கோழி இருக்கிறது. அதுவரை தின்றிராத புரதம் ஒன்றை 8 வாரம் தனியாகக் கொடுத்துப் பார்ப்பதுதான் முறை. பல ஊர்களில் மீன் தீவனத்தைப் பரிந்துரைப்பார்கள். குளச்சலிலும் தேங்காப்பட்டணத்திலும் குட்டியிலிருந்தே நெத்தோலியும் அயலையும் தின்று வளர்ந்த நாய்க்கு மீன் எப்படிப் புதிய புரதம் ஆகும்? டாக்டரிடம் இதைச் சொல்லி, ஹைட்ரலைஸ்டு புரதம், அதாவது மிகச் சிறு துண்டுகளாக உடைத்த புரதம் உள்ள தீவனத்தைக் கேளுங்கள்.

செலவு கூடுதல்தான். 10 கிலோ நாய்க்கு 2 கிலோ பாக்கெட் 12 நாள் வரும், மாதத்துக்கு இரண்டரைப் பாக்கெட். தேறிய பிறகு இதிலேயே தொடர வேண்டுமா என்று டாக்டரைக் கேட்டு, அதே மெதுவான வேகத்தில் சாதாரணத் தீவனத்துக்கு இறங்கலாம்.

பாதுகாப்பதில்தான் நம் மாவட்டத்துக்குத் தனிச் சிரமம். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இங்கே உண்டு. ஜூன் முதல் டிசம்பர் வரை வாய் திறந்து கிடக்கும் பாக்கெட் ஈரம் இழுக்கும், இவ்வளவு கொழுப்புள்ள தீவனம் சீக்கிரம் காறும். ஒரு உருண்டையை உடைத்து முகருங்கள். பழைய எண்ணெய் வாசம் வந்தாலோ 'டக்'கென்று உடையாமல் நமத்துப்போயிருந்தாலோ அது நாய்க்கு வேண்டாம். பாக்கெட்டோடு சேர்த்தே காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள், திறந்த தேதியை மேலே எழுதி ஒரு மாதத்துக்குள் தீருங்கள். தீர்ந்ததும் டப்பாவின் அடியில் ஒட்டியிருக்கும் தூளையும் பிசுக்கையும் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் துளியும் இல்லாமல் காய்ந்த பிறகே அடுத்த பாக்கெட்டை உள்ளே வைக்கவும்.