சால்னாவுக்குக் குறையில்லை, தட்டில்தான் எல்லாக் குறையும்

எங்கள் பகுதிப் புரோட்டாக் கடையில் போன மாதம் விலையை ஏற்றிவிட்டார்கள். 12 ரூபாய் புரோட்டா 15 ஆகிவிட்டது. விலைப் பலகையில் பழைய எண்ணின் மேல் வெள்ளைத் தாளை ஒட்டி, புது விலையை ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருக்கிறார்கள். தெருவில் பாதிப் பேருக்கு அதுதான் பேச்சு. எனக்கு விலையில் வருத்தமில்லை. மைதா என்ன விலை, எண்ணெய் என்ன விலை, கடைக்கு வாங்கும் 19 கிலோ சிலிண்டர் என்ன விலை என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். என் வயிற்றெரிச்சல் வேறு. 15 ரூபாய் வாங்குகிறவர்கள், தட்டில் விரிக்கிற அந்தப் பாலித்தீன் தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு துண்டு வாழை இலை வைத்தால் என்ன?

கடை மதுரையில், முனிச்சாலைப் பக்கம். பெயர் வேண்டாம். திட்டப் போகிறேன், பெயர் சொல்லித் திட்டிவிட்டு நாளைக்கு அங்கேயே போய் உட்கார முடியாது. வாசலில் கல், கல்லுக்குப் பின்னால் மாஸ்டர், உள்ளே நாலைந்து மேசை, ஓடுகிறதா இல்லையா என்று தெரியாத ஒரு மின்விசிறி. சாயங்காலம் கல் காய ஆரம்பிக்கும், ராத்திரி மாவு தீரும்வரை வியாபாரம். எனக்கு மீசை முளைக்காத காலத்திலிருந்து அங்கே சாப்பிடுகிறேன். கல்லாவில் இப்போது இருப்பது பழைய முதலாளியின் மகன்.

ஊரில் பேர் வாங்கிய கடைகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. சிம்மக்கல் கோனார் கடையின் கறி தோசை, தடித்த தோசை மேல் முட்டையும் கொத்துக்கறியும் பரவி வெந்து வருவது, அது ஒரு தனிக் கணக்கு. விளக்குத்தூண் ஜிகர்தண்டாவும் அப்படித்தான். சுண்டக் காய்ச்சிய பாலும் நன்னாரி சர்பத்தும் ஐஸ்கிரீமும் சேர்ந்து தொண்டையில் இறங்குவதை வெயில் காலத்தில் வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தெம்பு கிடையாது. ஆனால் அவை விருந்தாளி வந்தால் போகிற கடைகள். வீட்டில் அரிசி களையக்கூட அலுப்பாக இருக்கும் ஒரு சாதாரணப் புதன்கிழமை ராத்திரிக்கு, லுங்கியோடு நடந்து போகிற தூரத்தில் இருக்கும் கடைதான் கடை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு கோபத்தில் மறந்துவிடும்.

இந்தக் கடையின் சால்னா தண்ணியாக இருக்கும். அதுதான் அதற்கு அழகு. இப்போது வருகிற புதுக் கடைகளில் முந்திரியை அரைத்து ஊற்றி, கெட்டியாக, செம்மஞ்சள் நிறத்தில் ஒன்றைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு சால்னா என்கிறார்கள். அது புரோட்டாவின் மேலேயே உட்கார்ந்திருக்கும். நல்ல சால்னா உட்காராது, இறங்கும். தேங்காய், சோம்பு, கசகசா அரைத்த பால் வெள்ளை ஒரு பக்கம், தக்காளியும் மிளகாய்த்தூளும் விட்ட சிவப்பு ஒரு பக்கம், இரண்டும் கொதித்துச் சேர்ந்து மேலே எண்ணெய் பிரிந்து நிற்கும். இங்கே கல்பாசி கொஞ்சம் தூக்கலாகப் போடுவார்கள். தெருமுனையில் திரும்பும்போது மூக்கில் ஏறுவது அந்த வாசம்தான். கறி கிடக்காத எம்டி சால்னாவுக்குத் தனிக் காசு கிடையாது. எத்தனை தடவை கேட்டாலும் வாளியோடு வருவார்கள். கறி இல்லையே தவிர, எலும்பு வெந்த சாறு அதில் இறங்கித்தான் இருக்கும். சைவ சால்னா என்று நினைத்துக்கொண்டு வாங்குகிறவர்கள் ஒரு வார்த்தை விசாரித்துக்கொள்வது நல்லது.

புரோட்டாவைச் சாப்பிட ஊருக்கு ஊர் ஒரு முறை இருக்கிறது. விருதுநகரில் எண்ணெயில் பொரித்து எடுப்பார்கள். நொறுக்கிப் போட்டுச் சால்னாவில் ஊறவைத்தாலும் அதன் மொறுமொறுப்பு கொஞ்ச நேரம் தாங்கும். செங்கோட்டைப் பக்கம் போனால் சின்னச் சின்னப் புரோட்டாவும் நாட்டுக்கோழியும். மதுரையில் பன் புரோட்டா என்று உப்பலாகப் போடும் கடைகளுக்கும் இப்போது நல்ல கூட்டம். எங்கள் கடையில் சாதாரணப் புரோட்டாதான். மாவை மதியமே பிசைந்து, எண்ணெய் தடவி, உருண்டை பிடித்து, ஈரத்துணி போட்டு மூடிவிடுவார்கள். ஊறாத மாவு வீசும்போது கிழியும். ஊறிய மாவை மாஸ்டர் மேசையில் நாலு விசிறு விசிறினால் அந்தப் பக்கம் இருப்பவர் முகம் தெரிகிற அளவுக்கு மெலிந்துவிடும். அதைக் கொசுவிச் சுருட்டி, தட்டி, கல்லில் போட்டு, வெந்ததும் நாலைந்தை ஒன்றாக அடுக்கி இரண்டு கையாலும் பக்கவாட்டில் ஓங்கி அடிப்பார். அந்த அடியில்தான் மடல் பிரியும். அடிக்காத புரோட்டாவை நான் புரோட்டாவிலேயே சேர்ப்பதில்லை. இங்கே பெரிய மாஸ்டர் அடிக்கிற அடியில் உள் மடல்களிலிருந்து ஆவி வருவது கண்ணுக்குத் தெரியும்.

இவ்வளவு பாடுபட்டுச் செய்ததை எதில் கொண்டுவந்து வைக்கிறார்கள்? பாலித்தீனில்.

எவர்சில்வர் தட்டு, அதன் மேல் பச்சை நிறத்தில் ஒரு தாள். வாழை இலை மாதிரி நரம்பெல்லாம் அச்சடித்திருப்பார்கள், அதைப் பார்த்தால்தான் இன்னும் எரிகிறது. கல்லிலிருந்து வந்த சூட்டுக்கு அந்தத் தாள் சுருங்கி, தட்டின் ஓரத்தை விட்டு மேலே எழும்பும். ஒரு கையால் அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் புரோட்டாவைப் பிய்க்க வேண்டும். புரோட்டாவோ ஒரு கையால் பிய்கிற பண்டம் இல்லை. சால்னா ஊற்றியதும் அது தாளின் மடிப்புக்குள் ஓடி ஒளிந்துகொள்ளும். வழித்துச் சாப்பிடலாம் என்று விரலை விட்டால் தாளும் சேர்ந்து வரும். நகம் பட்டுச் சின்ன ஓட்டை விழுந்துவிட்டால் தீர்ந்தது. சால்னா தாளுக்கு அடியில் போய், தட்டில் குளமாக நிற்கும். கண்ணுக்குத் தெரியும், வாய்க்கு எட்டாது. கடைசியாக அந்த வாசம். சூடு பட்ட பிளாஸ்டிக்குக்கு ஒரு வாசம் உண்டு. கல்பாசியையும் சோம்பையும் மீறி அது வந்து நிற்கும்.

இலையில் இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. சூடு பட்டதும் இலை வதங்கித் தட்டோடு ஒட்டிக்கொள்ளும், நகராது. அதன் பச்சை வாசம் புரோட்டாவின் அடி மடலில் ஏறும். பழைய முதலாளி இருந்தவரை இலைதான். மந்தாரை இலையில் கட்டிய பார்சல்கூட அந்தக் கடையிலிருந்து வந்திருக்கிறது.

சின்ன முதலாளியிடம் இதை நான் பல தடவை கேட்டிருக்கிறேன். அவர் மரியாதைக்காரர், எரிந்து விழமாட்டார். "அண்ணே, இலைக்கட்டு முகூர்த்தம் வந்தா என்ன வெலை விக்குதுன்னு மார்க்கெட்ல போய்க் கேளுங்க. தட்டு கழுவ ஆளு கெடைக்க மாட்டேங்குதுண்ணே. வர்ற ஆளும் மூணு நாள்ல ஓடிப் போறான்" என்றார். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆவணி, தை மாத முகூர்த்த நாள்களில் இலை விலை ஏறுவது ஊரறிந்த விஷயம். இன்னொன்றும் சொன்னார். "தாள் விரிச்சாத்தான் சுத்தமா இருக்குன்னு கஸ்டமரே கேக்குறாங்கண்ணே." இதுதான் எனக்கு ஆறவில்லை. கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், நானே பார்த்திருக்கிறேன். பக்கத்து மேசையில் ஒருவர் தட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, பேப்பர் போட்டுக் கொண்டு வா" என்று திருப்பி அனுப்பினார். தட்டைச் சுத்தமாகக் கழுவிக் கொண்டு வா என்று சொல்லத் தோன்றவில்லை அவருக்கு.

சட்டம் இல்லாமலும் இல்லை. 2018 ஜூன் 5 அன்று சட்டசபையிலேயே அறிவித்து, 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை போட்டார்கள். சாப்பாடு கட்டுகிற தாள், சாப்பாட்டு மேசையில் விரிக்கிற தாள், தூக்குப் பை எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. தடை வந்த புதிதில் எங்கள் கடையிலும் கொஞ்ச நாள் இலை வந்தது. பொங்கல் வரைக்கும் என்று ஞாபகம். நான் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன். அப்புறம் கொரோனா வந்தது, பார்சல் மட்டும்தான் என்றார்கள், அந்தச் சந்தடியில் தாள் திரும்பி வந்து நிலைத்துவிட்டது. 2021 டிசம்பரில் அரசின் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கிய பிறகு மஞ்சள் பையோடு பார்சல் வாங்க வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். பைக்குள் எட்டிப் பார்த்தால் கொதிக்கக் கொதிக்கச் சால்னா ஊற்றி, வாயில் ரப்பர் பேண்ட் சுற்றிய பிளாஸ்டிக் கவர்.

பார்சல் விஷயத்தில் மட்டும் கடைக்காரரை விடக் குற்றம் நம்முடையது. முன்பெல்லாம் சால்னா வாங்கப் போகிற பிள்ளை கையில் தூக்குவாளி இருக்கும். அம்மா அதைக் கழுவி, மூடி சரியாக மூடுகிறதா என்று பார்த்துத்தான் கொடுத்து அனுப்பும். வாளி கொண்டு போனால் சால்னாவும் கூடுதலாக விழும், பையன் கையில் சுடக் கூடாதென்று ஒரு துணித் துண்டும் கிடைக்கும். நான் இன்னும் தூக்குவாளியோடுதான் போகிறேன். "தூக்கு வந்துருச்சு, ஒரு கரண்டி சேத்து ஊத்து" என்று உள்ளே குரல் கொடுப்பார்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே எல்லோரும் தூக்குவாளி எடுத்துப் போகலாம் என்பேன்.

வரியைப் பற்றியும் ஒரு வார்த்தை, கடையில் தினமும் யாராவது கேட்கிறார்கள். 2020-இல் கர்நாடகத்தில் புரோட்டா ரொட்டி வகையில் சேராது, 18 சதவீத வரி என்று ஒரு தீர்ப்பு வந்து நாடே சிரித்தது. 2025 செப்டம்பர் 22 முதல் புரோட்டாவுக்கு வரியே இல்லை என்றாகிவிட்டது. "வரி போயிருச்சே, வெலைய ஏன் ஏத்துறீங்க" என்று சண்டைக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது, அந்தப் பேச்செல்லாம் பாக்கெட்டில் அடைத்து விற்கும் புரோட்டாவைப் பற்றியது. கல்லில் போட்டுக் கொடுக்கிற கடைக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. எங்கள் கடையில் பில்லே கிடையாது என்பது வேறு விஷயம். என்ன சாப்பிட்டோம் என்று நாம் சொல்ல, சப்ளையர் மனக்கணக்குப் போட்டுக் கல்லாவைப் பார்த்துக் கத்துவார். இன்றுவரை ஒரு ரூபாய் தவறிப் பார்த்ததில்லை.

கொத்துப் புரோட்டா பரவாயில்லை ரகம். முட்டை வீச்சு நன்றாக இருக்கும். பன்னீர் என்று ஆரம்பிக்கும் எதையும் இங்கே கேட்காதீர்கள்; அவர்களுக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம். சாப்பிட்டு முடித்து வெளியே வந்தால் சில நாள் பருத்திப்பால் வண்டி நிற்கும். பருத்திக்கொட்டைப் பாலில் வெல்லமும் சுக்கும் போட்டுக் காய்ச்சியது, காரத்துக்குப் பிறகு நெஞ்சுக்கு இதமாக இருக்கும். அந்த வண்டிக்காரர் இன்னும் கண்ணாடி டம்ளரில்தான் கொடுக்கிறார், பக்கத்திலேயே இரண்டு வாளித் தண்ணீர் வைத்துக் கழுவுகிறார். ஒற்றை ஆள். மழை பெய்தால் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓட வேண்டிய ஆள். அவரால் முடிகிறது, நாலு பையன்களை வைத்திருக்கும் கடையால் முடியவில்லை.

போன வாரம் கோயம்புத்தூர் நண்பன் குடும்பத்தோடு வருவதாகச் சொல்லி, "மாப்ள, உங்க ஏரியாக் கடைக்குப் பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போவோமாடா?" என்று கேட்டான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இந்தச் சால்னாவுக்கு ஈடாக இன்னொன்றை நான் மதுரைக்குள் சாப்பிட்டதில்லை, அதை எங்கேயும் சொல்வேன். புரோட்டாவுக்குப் பத்துக்கு ஒன்பது போடலாம், அந்த ஒன்றைக்கூடப் பொறாமையில்தான் குறைக்க வேண்டும். ஆனாலும் பச்சைப் பிள்ளைகள் முன்னால் அந்தத் தாளில் கொதிக்கிற சால்னா ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டு என்னால் உட்கார முடியாது. விலையை ஏற்றிய கையோடு இலையைக் கொண்டுவந்திருக்கலாம், வரவில்லை. ஆகவே என் தீர்ப்பு: போகாதீர்கள்.

மீறிப் போகிறவர்கள் ஏழரைக்கு முன்னால் போய்விடுங்கள். எட்டுக்கு மேல் உட்கார இடம் கிடைக்காது, சால்னாவிலும் தண்ணீர் சேர்ந்துவிடும். தாள் வேண்டாம், வெறும் தட்டு போதும் என்று உட்காரும்போதே சொல்லிவிட வேண்டும். கொண்டுவந்து வைத்த பிறகு சொன்னால் தாளை உருவி எடுத்துவிட்டு அதே புரோட்டாவைத் திருப்பி வைப்பார்கள். செவ்வாய்க்கிழமை பெரிய மாஸ்டருக்கு லீவு, அன்றைக்குச் சின்னவர்தான் வீசுவார், அவருக்கு இன்னும் அடிக்க வரவில்லை.