ஐரோப்பிய ஆய்வில் பிஎச்டி: டெல்லியா, ஜெர்மனியா, ஃப்ளோரன்ஸா?

போன வாரம் ஏற்காடு ஒண்டிக்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அக்கா மகள் கேட்டாள்: "மாமா, பிஎச்டிக்கு டெல்லியே போதுமா, இல்லை ஜெர்மனிக்குப் பார்க்கட்டுமா?" எம்.ஏ. அரசியல் அறிவியல் முடித்தவள், ஐரோப்பிய ஒன்றியத்தைப் பற்றித்தான் ஆய்வு என்பதில் உறுதியாக இருக்கிறாள். சேலம் பக்கத்தில் இதைச் சொல்ல ஆள் குறைவு என்பதால் அவளிடம் பேசியதை இங்கேயும் எழுதிவைக்கிறேன்.

டெல்லியில் ஜேஎன்யூவின் (ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம்) ஐரோப்பிய ஆய்வு மையம் இருக்கிறது. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுத வேண்டும். அதில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் 2 வருடம் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) விதிப்படி பிஎச்டிக்குக் குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 6, கேட்டால் நீட்டிப்பும் உண்டு. ஜேஆர்எஃப் இல்லாமல் சேர்ந்தால் கணக்கே வேறு, வீட்டுக் கையை எதிர்பார்க்க வேண்டியிருக்கும்.

ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்கள் பிஎச்டிக்குக் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. ஒரு பேராசிரியரைப் பிடித்து டாட் (DAAD, ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பு) மாதிரி உதவித்தொகையோடு தனியாகச் செய்யலாம், அல்லது சம்பளத்தோடு ஆய்வாளர் வேலையிலேயே சேரலாம். ஐரோப்பிய ஒன்றியம் ஆய்வாளர்களுக்குப் பணம் தரும் மரி கியூரி திட்டத்து இடங்களும் உண்டு, எந்த நாட்டவரும் போடலாம். ஆனால் அதில் ஒரு சிக்கல்: சேருவதற்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் சேரப்போகும் நாட்டில் இருந்திருக்கக் கூடாது. முதலில் அங்கே போய் எம்.ஏ. படித்துவிட்டு அதே நாட்டில் இதற்கு முயற்சி செய்யலாம் என்று நினைப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இத்தாலியில் ஃப்ளோரன்ஸின் ஐரோப்பியப் பல்கலைக்கழக நிறுவனம் அருமையான இடம், ஒன்றியத்தின் வரலாற்று ஆவணக் காப்பகமே அவர்களிடம்தான். ஆனால் உதவித்தொகைகளில் பெரும்பகுதி உறுப்பு நாடுகள் தங்கள் குடிமக்களுக்குத் தருவது. நம்பிப் போட்டுப் பார்க்கலாம், அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

பணம் இப்படி. ஆனால் நான் அவளிடம் அதிக நேரம் பேசியது அவளுடைய ஆய்வுக் கேள்வி எதுவாக இருக்க வேண்டும் என்பதைப் பற்றி. 2023ல் ஐரோப்பிய ஒன்றியம் காடழிப்புக்கு எதிராக ஒரு சட்டம் போட்டது. 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடு அழித்த நிலத்தில் விளைந்த காபி அங்கே நுழையக் கூடாது, தோட்டத்தின் அட்சரேகை தீர்க்கரேகையைக் காட்ட வேண்டும், 4 ஹெக்டேருக்கு மேல் என்றால் எல்லை முழுவதையும். ஏற்காடு மலையில் நாகலூரில் அவள் பெரியப்பாவின் காபித் தோட்டத்தில் போனை வைத்துப் பார்த்தோம். சில்வர் ஓக் நிழலில், மிளகுக் கொடிக்குப் பக்கத்தில் நின்றால், நாம் நிற்கும் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளி நிற்காமல் பக்கத்துத் தோட்டத்துக்குத் தாவுகிறது. பெரியப்பா கேட்டார், "அப்ப என் காபி யாரு கணக்குல போகும்?"

அந்தச் சட்டம் அமலாவதை ஏன் இரண்டு முறை தள்ளிப்போட்டார்கள் என்பது அவள் கேள்வியானால் பதில் ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸில் இருக்கிறது, அவள் ஐரோப்பாவில்தான் இருக்க வேண்டும். பெரியப்பா கேட்டதுதான் அவள் கேள்வி என்றால் பதில் இங்கே ஏற்காட்டின் சேர்வராயன் மலையில் இருக்கிறது, டெல்லியில் சேர்ந்து இங்கே களப்பணி செய்துவிட்டு, இரு நாட்டுப் பேராசிரியர்களும் சேர்ந்து வழிகாட்டும் ஆய்வுக்கான உதவித்தொகையில் சில மாதம் ஜெர்மனி போய்வருவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

எந்த வழியானாலும் மொழியை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. ஒன்றியத்தின் சட்டங்கள் 24 மொழிகளில் வருகின்றன, ஆங்கிலமும் உண்டு. ஆனால் ஜெர்மன் நாடாளுமன்ற விவாதங்கள் ஜெர்மனில்தான். என் ஆய்வேட்டின் நாலாவது அதிகாரத்துக்கு அவற்றை அகராதி வைத்துக்கொண்டு படித்ததில் ஒரு வருடம் போனது, இன்றும் அது மனதில் உறுத்துகிறது. "கண்ணு, நெட் ரிசல்ட் வரும் வரை காத்திருக்காதே, இந்த மாசமே ஜெர்மன் முதல் நிலையான ஏ1 ஆரம்பி" என்றேன். கொண்டை ஊசி வளைவு இறங்கும்போதே போனில் வகுப்பு தேட ஆரம்பித்துவிட்டாள்.