சிங்கப்பூரா, துபாயா: ஒரே சம்பளம், இரு வேறு ஓவர்டைம்

எலக்ட்ரீஷியன் வேலைக்கு எனக்கு ஒரே சமயத்தில் இரண்டு ஆஃபர் கடிதங்கள் வந்தன. துபாய் நிறுவனம் மாதம் 2,200 திர்ஹாம் தருவதாகச் சொன்னது. அதில் பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 1,200, மீதி 1,000 சாப்பாடு உள்ளிட்ட அலவன்ஸ்கள். சிங்கப்பூர் நிறுவனம் 800 டாலர் என்றது. அது முழுவதும் பேசிக். ஒரு சிங்கப்பூர் டாலருக்கு ஏறத்தாழ 2.75 திர்ஹாம் என்று வைத்துக்கொண்டால் இரண்டும் ஒரே தொகைதான். தங்குமிடம் இரண்டு இடத்திலும் கம்பெனி பொறுப்பு. நான் சிங்கப்பூரைத் தேர்ந்தெடுத்தேன். துபாய் பற்றி இங்கே நான் எழுதுவது அந்த ஆஃபர் கடிதத்தையும், அங்கே வேலை பார்க்கும் என் மைத்துனரின் சம்பளச் சீட்டுகளையும், அந்நாட்டுச் சட்டத்தையும் வைத்து மட்டுமே என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வெயில், மழை, ஊருக்கு வரும் விமானக் கட்டணம் ஆகியவற்றை எல்லாரும் பேசிவிட்டார்கள். கோடையில், ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, மதியம் 12.30 முதல் 3 மணி வரை வெட்டவெளி வேலைக்கு அமீரகத்தில் தடை இருக்கிறது என்பதோடு அதை நிறுத்திக்கொள்ளலாம். கம்பெனி வண்டியில் போய்வரும் நேரம் இரண்டு நாட்டிலும் பொதுவாக வேலை நேரத்தில் சேராது. அது துபாயின் சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பிலிருந்து புறப்பட்டாலும் சரி, சிங்கப்பூரின் துவாஸ் டார்மிட்டரியிலிருந்து புறப்பட்டாலும் சரி.

முடிவைத் தீர்மானித்தது ஓவர்டைம் கணக்கு. சிங்கப்பூரில் வாரத்துக்கு 44 மணி நேரம் வழக்கமான வேலை. அதற்கு மேல் பார்க்கும் ஒவ்வொரு மணிக்கும் பேசிக் மணிக்கூலியைப் போல் ஒன்றரை மடங்கு. அமீரகத்தின் 2021ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி வாரத்துக்கு 48 மணி நேரம். அதற்கு மேல் பேசிக் மணிக்கூலியோடு 25 சதவீதம் கூடுதல், இரவு 10 முதல் அதிகாலை 4 வரையிலான வேலையானால் 50 சதவீதம் கூடுதல். இந்த அளவில் பார்த்தால் வித்தியாசம் சிறியதாகத்தான் தெரியும். மணிக்கூலியை எப்படி வகுக்கிறார்கள் என்று பார்க்கும்போதுதான் அது பெரிதாகிறது. சிங்கப்பூரில் மாத பேசிக்கை 12ஆல் பெருக்கி, 52ஐ 44ஆல் பெருக்கி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். அதாவது மாதத்துக்கு ஏறக்குறைய 191 மணி நேரம். மைத்துனரின் கம்பெனியில் 30 நாளும் 8 மணி நேரமும் என்று 240ஆல் வகுக்கிறார்கள். வார ஓய்வு நாளும் அந்த எண்ணுக்குள் வந்துவிடுவதால் மணிக்கூலி தானாகவே இறங்கிவிடுகிறது.

என் இரண்டு கடிதங்களையும் இப்படிப் போட்டுப் பார்த்தால், சிங்கப்பூரில் ஒரு மணி நேர ஓவர்டைமுக்கு 6.29 டாலர், துபாயில் 6.25 திர்ஹாம். எண் ஏறத்தாழ ஒன்றாக இருந்தாலும் நாணயம் வேறு. சிங்கப்பூர்த் தொகை 17 திர்ஹாமுக்குச் சற்று மேல். மாதம் 50 மணி நேரம் ஓவர்டைம் கிடைத்தால் சிங்கப்பூரில் 550 திர்ஹாம் அளவுக்குக் கூடுதலாகக் கையில் நிற்கும். துபாய் நிறுவனம் அந்த 2,200ஐயும் பேசிக்காகவே எழுதித் தந்திருந்தால்கூட மணிக்கு 11.46 திர்ஹாம்தான் வந்திருக்கும். இதில் துபாயில் 45ஆவது மணி முதல் 48ஆவது மணி வரை சாதாரண வேலையாகவே கழியும் என்பதை நான் சேர்க்கவேயில்லை.

துபாய்ப் பக்கம் நியாயமாகச் சொல்ல வேண்டியவையும் உண்டு. ஓர் ஆண்டு முடித்தவருக்கு அங்கே ஆண்டுக்கு 30 நாள் சம்பளத்தோடு விடுப்பு. சிங்கப்பூரில் முதல் ஆண்டுக்கு வெறும் 7 நாள். துபாயில் வேலையை விட்டு வரும்போது முதல் ஐந்து ஆண்டுகளுக்கு, ஆண்டொன்றுக்கு 21 நாள் பேசிக் வீதம் கிராஜுவிட்டி கிடைக்கும். நம்மைப் போன்ற வொர்க் பெர்மிட்காரர்களுக்கு சிங்கப்பூர்ச் சட்டத்தில் அப்படி ஒன்று இல்லை. ஆனால் கிராஜுவிட்டியும் பேசிக்கில்தான் கணக்கு: 1,200 பேசிக்குக்கு ஆண்டுக்கு 840 திர்ஹாம். மேலே சொன்ன ஓவர்டைம் வித்தியாசம் இரண்டே மாதத்தில் அதைத் தாண்டிவிடும். விடுப்பை மட்டும் என்னால் பணமாக மாற்றிப் பார்க்க முடியவில்லை. மைத்துனர் பொங்கலுக்கு ஊருக்குப் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வருகிறார், நான் வீடியோ காலில் பார்க்கிறேன்.

என் கணக்கு உடைகிற இடங்களும் இருக்கின்றன. ஓவர்டைம் கிடைத்தால்தான் சிங்கப்பூர் லாபம். சைட்டில் வேலை குறைந்த மாதங்களில் வெறும் 800 டாலரில் கேட்டரிங் சாப்பாட்டுக்கு 150 டாலர் போய்விட, துபாய்க்காரரைவிடக் கீழே இறங்கியிருக்கிறேன். அதிகம் கிடைக்கிறதே என்று விருப்பம்போலப் பார்க்கவும் முடியாது. மாதத்துக்கு 72 மணி நேரம் என்பது சட்டத்தின் வரம்பு. சிங்கப்பூர் வேலைக்கான ஸ்கில் டெஸ்ட் (திறன் தேர்வு), ஏஜெண்ட் என்று ஊரில் லட்சக்கணக்கில் கட்டிவிட்டு வருபவர்களுக்கு முதல் ஆண்டின் ஓவர்டைம் பெரும்பாலும் அந்தக் கடனுக்கே போகும். துபாய்க்குப் பதிவு பெற்ற ஏஜெண்ட் வழியாகப் போனால் அவர் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு இந்திய அரசின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். எல்லாரும் அதை மதிக்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன்.

ஆகவே கடிதம் கைக்கு வந்ததும் மொத்தத் தொகையைப் பார்க்காமல் பேசிக் எவ்வளவு என்று பாருங்கள். சிங்கப்பூரில் மனிதவள அமைச்சின் ஐபிஏ கடிதத்தில் (வொர்க் பெர்மிட்டுக்கான முன் அனுமதிக் கடிதம்) பேசிக்கும் அலவன்ஸும் பிடித்தமும் தனித்தனியாக இருக்கும். உங்கள் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் அந்த பேசிக்கைக் குறைக்கக் கூடாது. 2016 ஏப்ரல் முதல் சம்பளச் சீட்டில் ஓவர்டைம் மணிகளையும் தொகையையும் எழுதித் தர வேண்டியதும் கட்டாயம். என் டைம் கார்டை மாதக் கடைசியில் ஃபோனில் படம் எடுத்து வைத்து, சீட்டு வந்ததும் மணியை ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

சூப்பர்வைசர், அலுவலக வேலை என்று போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. உடலுழைப்பு அல்லாத வேலையில் 2,600 டாலருக்கு மேல் வாங்குபவர்களுக்கு சிங்கப்பூர்ச் சட்டப்படி ஓவர்டைம் உரிமை இல்லை. அவர்களுக்கு மாதச் சம்பளம் சமமாக இருந்தால், 30 நாள் விடுப்பையும் கிராஜுவிட்டியையும் பார்த்து நானே துபாயைத்தான் சொல்வேன்.