லூபஸ் மூட்டு வலிக்குப் புது மருந்து ஆய்வு என்று கூப்பிட்டால் பணம் கட்டாதீர்கள்

எனக்கு லூபஸ் வந்து ஆறு வருஷம் ஆகிறது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்குகிற நோய் இது. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு விரல் மடங்காது. பால் பாக்கெட்டைப் பல்லால் கடித்துத்தான் திறப்பேன். இந்த வலி தெரிந்தவர்களுக்கு நான் ஏன் ஏமாந்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

போன ஆடியில் ஒரு போன் வந்தது. "அக்கா, லூபஸ் மூட்டு வலிக்கு வெளிநாட்டு மருந்தை இங்கே சோதிக்கிறோம். இருபது பேருக்குத்தான் இடம்." அவ்வளவு பரிவாகப் பேசினாள் அந்தப் பெண். பதிவுக் கட்டணம் 18,500 ரூபாய் என்றாள். வளையலை அடகு வைத்துக் கட்டினேன்.

ஒரு மாடி அறை, வெள்ளைக் கோட்டில் ஒருவர், ஆங்கிலத்தில் ஒரே ஒரு தாள். கையெழுத்துப் போட்டுவிட்டு நகல் கேட்டேன். "அது ஆபீஸ் ஃபைலுக்கு, மேடம்" என்றார்கள். மாத்திரை வெள்ளை டப்பாவில் இருந்தது. லேபிளைச் சுரண்டிய இடத்தில் பசை விரலில் ஒட்டியது. பார்த்தும் கேட்காமல் விட்டேன். லூபஸுக்கு நான் வழக்கமாகச் சாப்பிட்ட ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரையையும் நிறுத்தச் சொன்னார்கள். அப்போதுதான் புது மருந்தின் வேலை தெரியுமாம்.

நான்காம் நாள் வலி பறந்துவிட்டது. என் கையாலேயே மாவு பிசைந்து சப்பாத்தி போட்டேன், அம்மா அழுதுவிட்டார். அந்தச் சந்தோஷத்தில், ஆஸ்பத்திரி வரிசையில் பழக்கமான ஒரு தங்கைக்கும் நானே அந்த நம்பரைக் கொடுத்தேன். இதை எழுதும்போதும் மனசு கனக்கிறது.

ஆறாவது வாரம் முகம் உப்பிவிட்டது. அடுத்த தவணைக்கு 12,000 கேட்டார்கள். என்னிடம் இல்லை, மாத்திரையை நிறுத்தினேன். மூன்றே நாளில் வாந்தி, எழுந்து நிற்க முடியாத மயக்கம். ஆஸ்பத்திரியில் டாக்டர் என் முகத்தைப் பார்த்ததுமே, "என்ன மாத்திரைம்மா சாப்பிட்டீங்க?" என்றுதான் கேட்டார். உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டான கார்டிசாலைக் காலையில் பரிசோதித்ததில் அளவு மிகக் குறைவு. வெளியிலிருந்து ஸ்டீராய்டு சாப்பிட்டால் உடம்பு அதைச் சுரப்பதைக் குறைத்துவிடுமாம். டப்பாவில் இருந்தது பெரும்பாலும் ஸ்டீராய்டாகத்தான் இருக்கும் என்றார். பழைய மாத்திரையை நிறுத்தியதில் சிறுநீரில் புரதமும் போக ஆரம்பித்திருந்தது, சிறுநீரகம் பாதிக்கப்படுவதன் அறிகுறி அது.

அப்புறம்தான் நிஜ ஆய்வு எப்படி நடக்கும் என்று அவரிடம் உட்கார்ந்து கேட்டேன். லூபஸுக்கென்று 2011ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பெலிமுமாப் என்ற மருந்தின் பலனை அளக்க 52 வாரம் காத்திருந்தார்கள். நோயாளிகள் வழக்கமான மருந்துகளைச் சாப்பிட்டுக்கொண்டேதான் அதில் இருந்தார்கள். நான்கு நாளில் அற்புதம் நடந்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

இந்தியாவில் 2009 ஜூன் 15 முதல், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) நடத்தும் சி.டி.ஆர்.ஐ. என்ற மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதியாமல் எந்த மருந்து ஆய்வும் தொடங்கக் கூடாது. அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள், இணையத்தில் யாரும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். 2019ல் வந்த விதிகளின்படி, ஒப்புதல் படிவம் நமக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும், ஒரு நகலை நம் கையில் தர வேண்டும். ஆய்வால் உடம்புக்குக் கெடுதல் வந்தால் இலவசமாக வைத்தியம் பார்க்க வேண்டியதும் அவர்கள் பொறுப்பு. மருந்தைச் சோதிக்கிறேன் என்று சொல்லிவிட்டு நம்மிடமே கட்டணம் கேட்டால், அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

டப்பாவின் அடியில் மிஞ்சிய இரண்டு மாத்திரைகளோடு மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். மாடி அறை பூட்டிக் கிடக்கிறது. இதே மாதிரி லேபிள் இல்லாத டப்பா உங்களிடமும் இருந்தால், பயந்துபோய் மாத்திரையைச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். டப்பாவோடு டாக்டரிடம் போங்கள், என்னை மயக்கத்தில் தள்ளியது அந்தத் திடீர் நிறுத்தம்தான்.

அந்தத் தங்கைக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தே போன் செய்தேன். "தூக்கிப் போட்டுடட்டுமா அக்கா?" என்றாள். வேண்டாம், மறுநாளே டப்பாவை எடுத்துக்கொண்டு வா என்றேன். வந்தாள். இப்போது அவளுக்கு டாக்டர் ஸ்டீராய்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வருகிறார்.