வாட்ஸ்அப்பா, ஆப்பா, மெசேஜ் புக்கா? தென்னாப்பிரிக்கத் தனியார் பள்ளிப் பெற்றோருக்கு ஓர் ஒப்பீடு

ஜனவரி நடுவில் பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே பெற்றோரின் போன் நிரம்பிவிடுகிறது. பள்ளியின் ஆப் ஒன்று, பணம் கட்ட இன்னோர் ஆப், வகுப்பு வாட்ஸ்அப் குழு, மின்னஞ்சலில் நியூஸ்லெட்டர். போதாததற்குப் பிள்ளையின் பைக்குள், ஆசிரியையும் வீட்டாரும் மாறி மாறிக் குறிப்பு எழுத அட்டை போட்ட ஒரு மெசேஜ் புக். இத்தனை இருந்தும், நீச்சல் காலா போட்டிக்கு எந்த நிறத் தொப்பி என்று இரவு பத்து மணிக்கு இன்னோர் அம்மாவைத்தான் கேட்கிறோம்.

டர்பனிலும் ஜோகன்னஸ்பர்க்கிலும் தனியார் தொடக்கப் பள்ளி தேடும் நம் ஆட்கள் கட்டணத்தை விசாரிக்கிறார்கள், பள்ளி விட்டபின் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஆஃப்டர்கேர் எத்தனை மணி வரை என்று விசாரிக்கிறார்கள். பள்ளி வீட்டோடு எப்படிப் பேசும் என்று கேட்பவர் குறைவு. அரசுப் பள்ளியாக இருந்தால் இதைக் கேட்காமல் விட்டாலும் பெரிய நஷ்டம் இல்லை. 1996-ஆம் ஆண்டுப் பள்ளிகள் சட்டம் அங்கே பெற்றோருக்கு நாற்காலி போட்டு வைத்திருக்கிறது. பள்ளியின் ஆளும் குழுவில் ஓட்டுரிமை உள்ள மற்ற எல்லாரையும் கூட்டினாலும், பெற்றோர் அவர்களைவிட ஒருவராவது அதிகம் இருக்க வேண்டும். தனியார் பள்ளிக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. நமக்கும் பள்ளிக்கும் நடுவே இருப்பது சேர்க்கையின்போது கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம்தான். பெற்றோர் சங்கம் இருக்கும். கேக் விற்கும், கூடாரம் கட்டும், அத்தோடு சரி. அதனால் அன்றாடம் செய்தி வந்து போகும் வழி எதுவோ, அதுதான் பள்ளியில் நமக்கு உள்ள இடம்.

வாட்ஸ்அப்பிலிருந்து தொடங்குவோம், எல்லார் கையிலும் இருப்பது அதுதான். மாத டேட்டா தீர்ந்தாலும் வாட்ஸ்அப்புக்கென்றே சின்ன பண்டில் வாங்கிக்கொள்ளலாம். படிக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு வாய்ஸ் நோட் இருக்கிறது. பல வீட்டுப் பிள்ளைகளை ஒரே வண்டியில் கூட்டிவரும் லிஃப்ட் கிளப் டிரைவருக்கும், வீட்டில் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கும் அப்படியே தட்டிவிடலாம். ஆனால் குழுவின் உண்மையான பலம் அவசரத்தில்தான் தெரியும். 2022 ஏப்ரல் 11 இரவு குவாசுலு-நட்டாலில் கொட்டிய மழையை இந்தப் பக்கம் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சாலைகளும் பாலங்களும் அடித்துக்கொண்டு போயின. அப்படியொரு காலையில் பள்ளி அலுவலகத்துக்கே ஊர் நிலவரம் தெரியாது. எந்தப் பாலம் போயிற்று, எந்த வழியாகச் சுற்றலாம், யார் வீட்டில் பிள்ளையை விட்டு வைக்கலாம் என்பதைப் பக்கத்துத் தெருவில் இருக்கும் இன்னொரு பெற்றோர்தான் சொல்ல முடியும். பள்ளி வாங்கித் தரும் பெரும்பாலான ஆப்களில் பெற்றோரும் பெற்றோரும் பேசிக்கொள்ள இந்த அளவுக்கு வழி இருக்காது.

அவசரம் இல்லாத நாட்களின் கதை வேறு. "நாளைக்கு சிவ்வீஸ் டேயா?" என்று ஒருவர் கேட்பார், சீருடை இல்லாமல் வரப் பணம் கொடுக்கும் நாள் அது. பத்து ராண்டா இருபதா என்று அதன்கீழ் வழக்கு ஓடும். நடுவில் யாரோ காணாமல் போன ஜெர்ஸியின் படத்தைப் போடுவார்கள், அதற்குக் கட்டைவிரல்கள் வரிசைகட்டும். விடையை வகுப்புப் பிரதிநிதி போட்டிருப்பார், அது எப்போதோ மேலே போயிருக்கும். ஆசிரியை பற்றிய ஒரு முணுமுணுப்பு வந்தால் போதும், குழு பஞ்சாயத்தாகிவிடும். அவர் தரப்பைச் சொல்ல அவர் அங்கே இருக்க மாட்டார். இருந்தால் இன்னும் மோசம், இரவு ஒன்பதரைக்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

இதோடு சட்டச் சிக்கலும் உண்டு. தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம், இங்கே எல்லாரும் சொல்லும் போப்பியா, 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமலில் இருக்கிறது. பிள்ளைகளின் தகவலுக்கு அதில் தனிப் பாதுகாப்பு. பொதுவாகப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். குழுவில் ஒருவரைச் சேர்த்தவுடன் அவருடைய எண் மற்ற எல்லாருக்கும் தெரிகிறது. உங்கள் மகள் கச்சேரியில் ஆடிய படம் முகம் தெரியாத எத்தனை போன்களில் இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. அட்மின் மட்டும் செய்தி போடும் வசதி 2018-லேயே வந்துவிட்டது. அதைப் போட்டால் சத்தம் நிற்கும், ஆனால் வெள்ள நாளில் கைகொடுத்த அந்தப் பேச்சும் நின்றுபோகும். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் எண்கள் வெளியே தெரியாது என்பது நல்லதுதான். ஆனால் 256 பேருக்கு மேல் போகாது, பள்ளி எண்ணைச் சேமித்து வைக்காதவருக்குச் செய்தியே வராது.

ஆப் விஷயத்துக்கு வருவோம். இங்கே டி6 போன்ற பள்ளி ஆப்கள் பரவலாக இருக்கின்றன. சிவ்வீஸ் பணம், சுற்றுலாப் பணம் கட்ட கேரி மாதிரி தனி ஆப்களும் உண்டு. உறையில் சில்லறை போட்டு அனுப்பிய காலத்தை நினைத்தால் அது பெரிய நிம்மதி. நாட்காட்டி ஒழுங்காக இருக்கும். மூன்று மாதத்துக்கு முன் வந்த சுற்றறிக்கையைத் தேடி எடுக்கலாம். உங்கள் எண் இன்னொரு பெற்றோருக்குத் தெரியாது. தேதி, பணம், படிவம் இந்த மூன்றுக்கும் ஆப்பை மிஞ்ச ஆளில்லை.

அந்த மூன்றையும் தாண்டினால் ஆப் வாயை மூடிக்கொள்கிறது. பள்ளி சொல்லும், நாம் பார்க்கலாம், அவ்வளவுதான். பதில் எழுதும் பெட்டி இருந்தாலும் அது வகுப்பு ஆசிரியைக்குப் போகிறதா அலுவலகத்துக்குப் போகிறதா என்று தெரியாது. என் சந்தேகம் என்னவென்றால், ஆப்பால் அதிகம் பயனடைவது பள்ளி நிர்வாகம்தான். "நாங்கள் அனுப்பிவிட்டோம்" என்று சொல்ல அதனிடம் சாட்சி இருக்கிறது. வீட்டில் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்பது வேறு கேள்வி. டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்து ஆயா தாத்தாக்களுக்கு ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு. அவர்களைத் தடுப்பது மொழியல்ல, லாகின். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தமிழ்நாட்டிலிருந்து வந்திருக்கும் பாட்டிக்கு இரண்டுமே தடை. மதியம் இரண்டு மணிக்கு வாசலில் நிற்பவர்களோ பெரும்பாலும் இவர்கள்தான். அம்மா அப்பாவின் போனில் சிவப்பு எண் ஏறிக்கொண்டே இருக்கும், அவர்கள் ஆபீஸ் மீட்டிங்கில் இருப்பார்கள். 2023-ல் லோட் ஷெடிங் உச்சத்தில் இருந்தபோது இன்னொன்றும் பார்த்தோம்: மின்சாரம் நீண்ட நேரம் போனால் செல்போன் டவரின் பேட்டரியும் தீர்ந்துவிடும். அப்போது ஆப்பும் ஊமை, வாட்ஸ்அப்பும் ஊமை.

எஸ்எம்எஸ்ஸுக்கும் மின்னஞ்சலுக்கும் அதிக இடம் தர வேண்டியதில்லை. பழைய பட்டன் போனுக்கும் எஸ்எம்எஸ் போகும், டேட்டா வேண்டாம். "இன்று பள்ளி 11 மணிக்கு விடுகிறது" என்பதற்கு அது போதும். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழில் அடித்தால் 70 தான். மின்னஞ்சலில் வரும் நியூஸ்லெட்டர் முதல்வரின் முன்னுரையோடும் கோப்பை வாங்கிய பிள்ளைகளின் படங்களோடும் அழகாக இருக்கும். சேமித்து வைப்போம்.

இனி மெசேஜ் புக். பலருக்கு இது பழைய காலத்துச் சமாச்சாரம், தண்ணீர் பாட்டில் கொட்டி ஊறிப்போன நோட்டு. குறைகள் உண்மைதான். பிள்ளை தொலைத்துவிடும். சில ஆசிரியர்கள் புகார் எழுத மட்டுமே அதைத் திறப்பார்கள். நோட்டில் எழுத்து தெரிந்தாலே அம்மாவுக்கு வயிற்றைக் கலக்கும். நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை, காலையில் கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே படிக்காமல் கையெழுத்துப் போடுகிற ஆட்கள். ஒரு வகுப்பில் இருபது இருபத்தைந்து பிள்ளைகள் இருந்தால் எல்லாருக்கும் தினம் எழுதுவது நடக்கிற காரியமும் இல்லை.

ஆனாலும் மற்ற எதிலும் வராத ஒன்று அதில் வரும். எங்கள் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன். இரண்டாம் கிரேடில் 52-லிருந்து 27-ஐக் கழிக்கும் வீட்டுக்கணக்கு. என் அப்பா தான் படித்தபடி மேலே கீழே எழுதி, பக்கத்து எண்ணிடம் கடன் வாங்கச் சொல்லிக் கொடுத்துவிட்டார். விடை சரி. ஆனால் இங்கே சிறு வகுப்புகளில் எண்ணைப் பிரித்துப் போட்டுத்தான் கணக்குச் சொல்லித் தருகிறார்கள். பிள்ளை இரண்டு முறைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு விழித்திருக்கிறது. மறுநாள் மெசேஜ் புக்கில் டீச்சர் ஒரு கோடு போட்டிருந்தார். 52-லிருந்து பின்னோக்கி இருபது தாவினால் 32, அங்கிருந்து இரண்டு தாவினால் 30, இன்னும் ஐந்து தாவினால் 25. கோட்டின்மேல் மூன்று வளைவு, பக்கத்தில் "தாத்தாவின் முறை பிறகு வரும், இப்போதைக்கு இப்படி" என்று ஒரு வரி. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தக் கோட்டைப் பார்த்தார். "அட, மனக்கணக்கு மாதிரிதானே!" என்றார். அன்று மாலை அவரே இன்னும் நான்கு கணக்கு போட வைத்தார். லாகின் கேட்கவில்லை, முழு ஆங்கில வாசிப்பும் கேட்கவில்லை. அந்த வாரம் ஆப்பில் வந்த எந்த அறிவிப்பும் அவரை எட்டவில்லை.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் மேத்யூ கிராஃப்ட், டாட் ராஜர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2015-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. அதில் பங்கேற்றவர்கள், தோற்ற பாடத்தை மீண்டும் எழுதக் கோடை வகுப்புக்கு வந்த உயர்நிலைப் பள்ளி மாணவர்கள். ஆசிரியர் வாரம் ஒரே ஒரு வரி, அந்த மாணவனைப் பற்றி மட்டும், பெற்றோருக்கு அனுப்பினார். தேறாமல் போனவர்கள் 15.8 சதவீதத்திலிருந்து 9.3 ஆகக் குறைந்தார்கள். பாராட்டு வரியைவிட, எதைச் சரிசெய்ய வேண்டும் என்று சொன்ன வரிதான் கூடுதலாக வேலை செய்தது. அவர்கள் பெரிய பிள்ளைகள், ஊரும் வேறு. ஆனாலும் வாரம் ஒரு வரி என்ற அளவு எந்த ஆசிரியைக்கும் கட்டுப்படியாகும். அது காகிதத்தில் வந்தாலும் சரி, போனில் வந்தாலும் சரி, வரியில் நம் பிள்ளையின் பெயர் இருக்க வேண்டும்.

வீட்டிலிருந்து பள்ளிக்குப் போக வேண்டிய செய்தியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. புரட்டாசியை எடுத்துக்கொள்ளுங்கள். இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் பல அந்த மாதம் முழுக்கக் கவிச்சி தொடாது. செப்டம்பர் 24 பாரம்பரிய தினமும் அதற்குள்தான் வருகிறது. அதையொட்டிப் பள்ளியில் பிள்ளைகள் பாவாடை சட்டையிலும் வேட்டியிலும் வந்து நிற்பார்கள், அடுப்பில் பூர்வோர்ஸ் என்ற இறைச்சி சாசேஜ் வெந்துகொண்டிருக்கும். ஆப்பில் உள்ள படிவம் ஹலாலா, சைவமா என்று கேட்கும். ஜனவரியில் ஒருமுறை நிரப்பினால் வருடத்துக்கும் அதேதான். "இந்த மாதம் மட்டும்" என்று சொல்ல அதில் கட்டம் கிடையாது. வாட்ஸ்அப் குழுவில் எழுதினால் பெற்றோர் எல்லாருக்கும் தெரியும், ரொட்டிக்குள் சாசேஜ் வைக்கிற ஆளுக்குத் தெரியாது. மெசேஜ் புக்கில் இரண்டு வரி எழுதினால் வகுப்பு ஆசிரியை கண்ணில் படும். தீபாவளி பொது விடுமுறை இல்லாத நாடு இது. அந்த விடுப்புக்கும், காவடிக்கு மறுநாள் பிள்ளை தூக்கக் கலக்கத்தில் வரும் என்பதற்கும் அதே இரண்டு வரிதான்.

நேரில் சந்திப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பருவ முடிவில் நடக்கும் பெற்றோர் மாலையில் ஆளுக்குப் பத்து நிமிடம். முதல் மூன்று நிமிடம் நலம் விசாரிப்பு, கடைசி இரண்டு நிமிடம் வாசலில் நிற்கும் அடுத்தவரின் இருமல். கோவிட்டுக்குப் பிறகு சில பள்ளிகள் இதை ஆன்லைனிலும் வைக்கின்றன. வேலைக்காக வேறு ஊரில் இருக்கும் அப்பாவும் சேர முடிகிறது, அந்த ஒன்றுக்காகவே அதை ஆதரிக்கிறேன். ஆனால் பிள்ளையின் நோட்டைப் புரட்டிப் பார்ப்பது நேரில்தான் முடியும். ஆசிரியை சொல்லாத சில விஷயங்களை அந்த நோட்டு சொல்லிவிடும்.

என்னைக் கேட்டால், பள்ளியின் ஆப்பைத் தேதிக்கும் பணத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். பிள்ளையைப் பற்றிப் பேச மெசேஜ் புக், அதைக் குறைந்தது மூன்றாம் கிரேடு வரை கைவிடவே கூடாது. பேசும் வாட்ஸ்அப் குழு பெற்றோருடையதாகவே இருக்கட்டும். பள்ளி அதில் இருக்க வேண்டாம், ஆசிரியை இருக்கவே வேண்டாம். மழை நாளுக்கு அது விழித்துக்கொண்டால் போதும். மெசேஜ் புக்கை நிறுத்திவிட்டு "எல்லாம் ஆப்பில் இருக்கிறது" என்று பெருமையாகச் சொல்லும் பள்ளிக்கு நான் மதிப்பெண்ணைக் குறைப்பேன், கட்டடம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும்.

அடுத்த வருடச் சேர்க்கைக்குப் பள்ளி பார்க்கப் போகிறவர்கள் நீச்சல் குளத்தைச் சுற்றிக்காட்டும்போது இதையும் கேட்டுப் பாருங்கள்: ஆப்பில் எத்தனை பேருக்கு லாகின் தருவீர்கள், தாத்தா பாட்டிக்கும் உண்டா? வகுப்பு ஆசிரியைக்கு ஒரு கேள்வி எழுதினால் எத்தனை நாளில் பதில் வரும், எழுதுவது யார்? பிள்ளையின் படத்தை எங்கே போடுவீர்கள், வேண்டாம் என்று சொன்னால் பிள்ளையை வரிசையிலிருந்து தள்ளி நிற்க வைப்பீர்களா? நெட்வொர்க் இல்லாத நாளில் எப்படிச் சொல்வீர்கள்? அப்புறம், பெயரை மறைத்துவிட்டுப் போன வருட மெசேஜ் புக் ஒன்றில் ஒரு பக்கம் காட்டச் சொல்லுங்கள். அதில் ஆசிரியையின் கையெழுத்துக்குக் கீழே வீட்டாரின் கையெழுத்தில் ஒரு வரியாவது இருக்கிறதா என்று பாருங்கள்.